திண்ணையில் நடக்கும் பயிற்சி: முதியோருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணைநிற்கும் களப்பணியாளர்களைத் தயார்செய்வது எப்படி?

உங்கள் ஊராட்சியில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்வரும் களப்பணியாளர்களாகத் தயார்செய்யும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கலாம். அப்படிப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தேனி, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பயிற்சியைப் பலமுறை நடத்தியதில் எனக்குக் கைவந்த முறை இது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி கூட்டியும் குறைத்தும் கொள்ளுங்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, ஊரில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கும் வீடுகளைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். களப்பணியாளர் ஒரு வீட்டுக்குப் போனால் அவர் பார்க்கவேண்டியது இரண்டு பேரை. ஒருவர் வயதானவர். இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொள்பவர்: மருமகள், மகள், மனைவி, சில வீடுகளில் பள்ளியை விட்டுவிட்ட பேத்தி. இந்த இரண்டாவது ஆளைப் பார்க்கத் தெரியாத களப்பணியாளரை என்னதான் பயிற்றுவித்தாலும் அந்த வீட்டுக்கு உதவ முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்த இரண்டாவது ஆள் இருக்கிறார்.

படி 1: ஊரைத் தரையில் வரையுங்கள்

வகுப்புக்கு முன்னால் பட்டியல் வேண்டும். அலுவலகத்தில் கேட்டு வாங்கும் பட்டியல் பாதி உதவும். மீதியை ஊர்ப் பெண்கள்தான் சொல்வார்கள்.

அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலைசெய்யும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், மகளிர் குழுத் தலைவி, நியாயவிலைக் கடைக்காரர் ஆகியோரை ஒரு மாலை உட்காரவையுங்கள். கோலமாவால் தரையில் தெருக்களை வரையச் சொல்லுங்கள். 60 தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. தனியாக இருப்பவர் வீட்டுக்கு ஒரு மிளகாய் வற்றல். படுக்கையில் கிடப்பவர் இருந்தால் ஒரு வெற்றிலை. ஒரு மணி நேரத்தில் ஊரே கண்முன் விரியும். நான் பார்த்த ஓர் ஊரில், ஒரே தெருவில் ஏழு மிளகாய் வற்றல் விழுந்தது. கோலமாவு டப்பாவைக் கையில் பிடித்திருந்த அங்கன்வாடி அக்கா, "தினமும் இந்தத் தெருவழியாத்தானே போறேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இந்த வரைபடத்தை நோட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய், வெற்றிலை விழுந்த வீடுகளிலிருந்து உங்கள் வேலை தொடங்கும்.

படி 2: யாரைச் சேர்ப்பது

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று நிபந்தனை வைக்காதீர்கள். நோட்டில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும். மாமியாரையோ அம்மாவையோ கடைசிவரை பார்த்தவர்களுக்கு வகுப்பில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அவர்களைத் தேடிச் சேருங்கள்.

இரண்டு ஆண்களாவது இருக்கட்டும். படுத்த படுக்கையான தாத்தாவைக் குளிப்பாட்ட, வங்கிக்கு வண்டியில் கூட்டிப்போக, குடித்துவிட்டுச் சத்தம்போடும் மகனிடம் நிதானமாகப் பேச அவர்கள் தேவைப்படுவார்கள்.

அடுத்தது, வெளிப்படையாகப் பேசவேண்டிய ஒன்று. ஊர்த்தெருவிலிருந்து வருபவர் காலனிக்குள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிப்பாரா? காலனியிலிருந்து வருபவரை ஊர்த்தெரு வீட்டார் உள்ளே விடுவார்களா? சேர்க்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். "எல்லா வீட்டுக்கும் போவேன், எல்லா வீட்டிலும் உட்காருவேன்" என்று சொல்லத் தயங்குகிறவரைச் சேர்க்கவேண்டாம். இதில் நான் ஒருமுறை விட்டுக்கொடுத்தேன், அனுபவம் உள்ளவராயிற்றே என்று. அவர் காலனி வீடுகளில் வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார். அங்கிருந்த பெரியவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆறு மாதம் எங்கள் யாரிடமும் அவர்கள் வாய்திறக்கவில்லை. தவறு என்னுடையது.

படி 3: எத்தனை நாள், எந்த நேரம்

கேரளத்தில் 1990களின் இறுதியில் தொடங்கி மலப்புரம் மாவட்டத்தில் வேரூன்றிய அக்கம்பக்க வலிநிவாரணப் பணி (தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்க் கவனிப்பது), ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து நடந்தது. அங்கே தன்னார்வலர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, அதன்பின் வீடுகளுக்குப் போகும் குழுவோடு 4 நாள் களப்பயிற்சி. என் அனுபவத்தில் அந்த அளவு தொடக்கத்துக்குச் சரியாக இருக்கிறது. களநாட்களை மட்டும் எட்டாக்கிக் கொள்வேன்.

காலை 10 முதல் 1 வரை, வாரம் இரண்டு நாள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுடைய முறையைக் கேட்டு நாளை மாற்றுங்கள். அன்றைய கூலி போனால் அவர் மூன்றாவது வகுப்புக்கு வரமாட்டார். சாப்பாடும் பயணச்செலவும் கட்டாயம் கொடுங்கள். கூடத்தில் நாற்காலி போட்டு மைக்கில் பேசுவதைவிட ஒரு வீட்டுத் திண்ணையிலோ சமுதாயக் கூடத்துத் தரையிலோ உட்காருங்கள். பணி நடக்கப்போகும் இடத்திலேயே பாடமும் நடக்கட்டும்.

படி 4: முதல் வகுப்பில் எல்லோரும் கொஞ்ச நேரம் வயதாகிப் பார்க்கட்டும்

இந்த வகுப்பை எந்தக் காரணம்கொண்டும் விட்டுவிடாதீர்கள். தேவையானவை: பழைய கண்ணாடி ஐந்தாறு, தேங்காய் எண்ணெய், பஞ்சு, ரப்பர் பேண்ட், கொஞ்சம் பச்சைப்பயறு, ஒரு மாத்திரை அட்டை.

கண்ணாடியில் எண்ணெயைத் தடவி மாட்டச் சொல்லுங்கள். காதில் பஞ்சு. விரல்களை இரண்டிரண்டாக ரப்பர் பேண்டால் கட்டுங்கள். செருப்புக்குள் பயறைக் கொட்டி அதன்மேல் கால் வைத்து நடக்கட்டும். அந்த நிலையில் மாத்திரை அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையைக் கீழே விழாமல் எடுக்கவேண்டும். பிறகு குழாயடியில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்துவரவேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, "சீக்கிரம், சீக்கிரம், எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

ஒரு பயிற்சியில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் மாத்திரையை மூன்று முறை தவறவிட்டார். நாலாவது முறை அட்டையையே கீழே போட்டுவிட்டு அழுதார். அவருடைய மாமியார் மாத்திரையை வேண்டுமென்றே போடாமல் ஏமாற்றுகிறார் என்று இரண்டு வருடமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். அன்று சாயங்காலமே வீட்டில் காலை மாத்திரைகளைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் போட்டுவைக்கத் தொடங்கினார். நான் எடுத்த எந்தப் பாடமும் இவ்வளவு வேகமாக ஒரு வீட்டை எட்டியதில்லை.

படி 5: வீட்டுக்குள் நுழைவது

இதை நடித்துக்காட்டிப் பழக்குங்கள். ஒருவர் பாட்டி, ஒருவர் மருமகள், ஒருவர் களப்பணியாளர்.

வாசலில் நின்று பெயர் சொல்லி, எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். முதல் வார்த்தை வயதானவரிடம்தான் போகவேண்டும். மருமகளிடம் "பாட்டிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால் பாட்டி அந்த நொடியே பேச்சிலிருந்து விலகிவிடுவார். "அப்பத்தா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பத்தா, அம்மாச்சி, ஐயா, தாத்தா, பெரியம்மா என்று எது பொருந்துமோ அதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆசிரியரைத் தாத்தா என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். "சார்" என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

காது மந்தமாக இருந்தால் கத்தாதீர்கள். முகத்துக்கு நேராக, வாய் தெரியும்படி, மெதுவாகப் பேசினால் விளங்கும். கத்தும்போது தெருவே கேட்கும், அவரும் உண்மையைச் சொல்லமாட்டார்.

முதல் இரண்டு முறை போகும்போது படிவத்தை எடுக்கவேண்டாம். ஊர், கலியாணம், பார்த்த வேலை, இழந்த பிள்ளை என்று அவர் போக்கில் பேசட்டும். புறப்படும்போது, "அடுத்த வியாழக்கிழமை வர்றேன்" என்று சொன்னால் அந்த வியாழக்கிழமை போய்த்தான் ஆகவேண்டும். காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

படி 6: ஆறு விஷயங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கையேடு ஒன்று, முதியோரிடம் பார்க்கவேண்டியதை ஆறாகப் பிரிக்கிறது: நினைவு, நடமாட்டம், சாப்பாடு, பார்வை, காது கேட்பது, மனநிலை. மருத்துவம் படிக்காதவர்களும் இதைச் செய்யலாம்.

நினைவுக்கு, பூ, கதவு, அரிசி என்று மூன்று சொல்லைச் சொல்லி, இன்றைக்கு என்ன நாள், இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, அந்த மூன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நடமாட்டத்துக்கு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து உட்காரவேண்டும். 14 நொடிக்கு மேல் ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பிடிக்கத் தயாராக இருங்கள். சாப்பாட்டில், பசி குறைந்திருக்கிறதா, மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இளைத்திருக்கிறாரா என்பது கேள்வி. எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டில் ரவிக்கையும் வளையலும் தளர்ந்துபோனதைக் கேட்டாலே தெரிந்துவிடும். பார்வைக்கு, பேருந்தின் பலகையும் மாத்திரை அட்டையும் தெரிகிறதா என்று கேளுங்கள். காது கேட்பதற்கு, ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று மெதுவாக நாலு சொல் சொல்லித் திருப்பிக் கேளுங்கள்.

மனநிலையைக் கேட்க நம்மில் பலர் கூசுகிறோம். "இந்த ரெண்டு வாரமா மனசு ரொம்பக் கனமா இருக்கா? எதுலயும் ஒட்டாம இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். "ஆண்டவன் என்னைக் கொண்டுக்கிட்டுப் போகமாட்டேங்கிறான்" என்பது நம் ஊரில் எல்லாப் பாட்டிகளும் சொல்வதுதான் என்று கடந்துபோகவேண்டாம். "அப்படி ரொம்பத் தோணுதா? நீங்களே ஏதாச்சும் செஞ்சுக்கலாம்னு நினைக்கிறீங்களா?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியே விடக்கூடாது. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, செவிலியருக்குச் சொல்லி, 104 (மருத்துவ உதவி) அல்லது 14416 (மனநல உதவி) எண்ணில் பேசவையுங்கள்.

இந்த ஆறில் கடைசியான மனநிலைக் கேள்வியை, பெரியவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் கேளுங்கள்.

படி 7: அன்றே ஓடவேண்டியது எது

வகுப்பில் இதை எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்லவேண்டும்.

- முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்கமுடியாமல் விழுவது, பேச்சு குழறுவது: பக்கவாதம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். வைத்தியரைத் தேடி வேறு ஊருக்குப் போய் எண்ணெய் தடவி வந்தால் அந்த நேரம் போய்விடும்.
- நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறுவது: வயசானால் அப்படித்தான் என்று விடாதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில் வரும். ஒரே நாளில் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, நிமோனியாவாகவோ, உப்புக் குறைவாகவோ, மாத்திரைக் கோளாறாகவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனை.
- விழுந்தபின் எழுந்து நிற்கமுடியாமல் இருப்பது, ஒரு கால் குட்டையாகத் தெரிவது: இடுப்பெலும்பு முறிவு. கட்டுப்போடும் இடத்துக்கு வேண்டாம்.
- சர்க்கரை மாத்திரை போடுபவர் வியர்த்து நடுங்கி மயங்குவது: விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

கடைசியில் சொன்னது வெள்ளிக்கிழமைகளிலும் அமாவாசையிலும் கூடுதலாக வரும். விரதம் இருக்கும் பாட்டி சோற்றை விடுவார், மாத்திரையை விடமாட்டார். விரதத்தை விடச் சொல்லி வாதாடாமல், அந்த நாளில் மாத்திரையை எப்படிப் போடுவது என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி இன்னும் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மஞ்சப்பை இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை, தனியார் மருத்துவர் எழுதியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய முட்டிவலி மாத்திரை எல்லாம் அதில் கலந்து கிடக்கும். ஒரே மாத்திரை இரண்டு பெயரில் இருக்கலாம். களப்பணியாளர் எதையும் நிறுத்தச் சொல்லக்கூடாது. பையை அப்படியே எடுத்துப்போய்ச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கொட்டிக் காட்டுவதே அவர் வேலை.

படி 8: படுக்கையில் இருப்பவரைத் தொட்டுப் பழகுதல்

இதற்கு முழுதாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒருவரைப் பாயில் படுக்கவைத்து மற்றவர்கள் செய்துபார்க்கட்டும்.

பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, இரண்டு பேர் இருபக்கமும் பிடித்துத் திருப்பினால் தோலில் உராயாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும். முதுகெலும்பின் அடி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களில் சிவப்பு தெரிந்து, அழுத்தி எடுத்தும் மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அதைத் தேய்க்கக்கூடாது. அந்தப் பக்கம் படுக்கவைக்கவும் கூடாது. குதிகால் தரையைத் தொடாமல் இருக்கக் கெண்டைக்கால் அடியில் தலையணை வையுங்கள்.

சாப்பிடக் கொடுக்கும்போது உட்காரவைத்து, முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி, சின்னக் கரண்டியில் கொடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். படுத்தபடி பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். வாயைத் தினம் இருமுறை ஈரத்துணியால் துடைப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வாய் நாறுகிறது என்பதாலேயே பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வராமல் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

செய்துகாட்டும்போது பார்த்துக்கொள்பவரின் கையில் கொடுத்துச் செய்யவையுங்கள். அவர் ஏற்கெனவே சரியாகச் செய்துகொண்டிருந்தால் அதைப் பெரியவர் காதுபடச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை அவரிடம் யாருமே சொல்லியிருக்கமாட்டார்கள்.

படி 9: கொல்லைப்புறத்துப் பேச்சு

பாட்டியிடம் பேசி முடித்ததும், மருமகள் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் உட்காருங்கள். முன்கூடத்தில் மாமியார் காதுபட அவர் எதையும் சொல்லமாட்டார். கேட்கவேண்டிய கேள்விகள் எளிமையானவை. "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க? கடைசியா எப்ப முழுசாத் தூங்கினீங்க? உங்களுக்கு இடுப்பு வலிக்குதா? அம்மா வீட்டுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?"

பதில் அழுகையாகவும் வரலாம், வசையாகவும் வரலாம். இரண்டையும் கேட்டுக்கொள்ளப் பழக்குங்கள். "பெரியவங்களைப் பார்த்தாப் புண்ணியம்" என்று சொல்லி வாயடைக்கிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே விடச்செய்யவேண்டும். புண்ணியத்தைப் பற்றி அவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தை ஏற்பாடு செய்வதுதான் களப்பணியாளரால் தரமுடிந்த பெரிய உதவி. வாரம் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பாட்டியோடு உட்காரட்டும். அல்லது களப்பணியாளரே உட்காரட்டும். மருமகள் சந்தைக்கோ கோவிலுக்கோ போகட்டும், தூங்கினாலும் தூங்கட்டும்.

அண்ணன் தம்பிகள் இருக்கும் வீட்டில் மாத முறை இருக்கும். இந்த மாதம் மூத்தவன் வீடு, அடுத்த மாதம் இளையவன் வீடு. சில இடங்களில் அப்பாவை ஒருவரும் அம்மாவை ஒருவரும் எடுத்துக்கொண்டு, ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பிரித்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் பேசும்போது பணத்தை முதலில் எடுக்காதீர்கள். அம்மாவுக்கு ஒருநாள் எப்படிப் போகிறது என்று காலையிலிருந்து இரவுவரை பார்த்துக்கொள்பவரையே சொல்லச் சொல்லுங்கள். வெளியூர் மகன் முதல்முறையாக அதைக் கேட்பார். அதன்பின் பணம், முறை, யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாகப் பேசி நோட்டில் எழுதுங்கள். பெரியவரும் அந்த இடத்தில் இருக்கவேண்டும், அவருடைய விருப்பமும் எழுதப்படவேண்டும்.

தென்மாவட்டங்களில் வேலைசெய்பவர்கள் தலைக்கூத்தல் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நீண்டநாள் படுக்கையில் கிடப்பவரை வீட்டாரே முடித்துவிடும் வழக்கம் அது. சட்டப்படி கொலை. "இழுத்துக்கிட்டுக் கிடக்குது, பார்க்கமுடியல" என்ற பேச்சு வீட்டில் எழும்போதே களப்பணியாளர் விழித்துக்கொள்ளவேண்டும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் அநேகமாக ஆறாத புண்ணும், அடங்காத வலியும், தூக்கமில்லாத ஒரு பெண்ணும், கடனும் இருக்கும். அன்றே வலிநிவாரணச் செவிலியரை அழைத்துவாருங்கள். தினமும் யாராவது ஒருவர் போய்வாருங்கள். வலி அடங்கி, உதவிக்கு ஆள் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். செய்யத் துணிந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தயங்காமல் காவல்துறைக்குச் சொல்லவேண்டும். இதையும் வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 10: பணமும் காகிதமும்

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. 60 வயதைக் கடந்த, ஆதரவற்ற ஏழைகளுக்கானது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவெடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். தொகை பெறுபவர்களுக்கு நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும் உண்டு என்பது பல பாட்டிகளுக்குத் தெரியாது.

காகிதத்தில் சிக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் வயதும் வேறுவேறாக இருப்பது. இன்னொன்று ரேகை. வாழ்நாள் முழுக்கக் களைவெட்டிய விரலில் ரேகை தேய்ந்து, இயந்திரம் ஏற்காது. "உன் ரேகை விழல, போ" என்று சொல்லப்பட்டுத் திரும்பும் பாட்டி மறுமாதம் போகவே மாட்டார். களப்பணியாளர் கூடவே போய், கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். கடைக்கு நடக்கமுடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு, அதை எழுதிக்கொடுக்கவேண்டும். வகுப்பில் ஒருநாள் எல்லோரும் இ-சேவை மையத்துக்கு நேரில் போய் ஒரு விண்ணப்பத்தையாவது போட்டுவிட்டு வாருங்கள்.

படி 11: வீட்டுக்குள்ளேயே கொடுமை நடந்தால்

அடி மட்டும் கொடுமை இல்லை. சோறு போடாமல் இருப்பது, மருந்து வாங்கித்தராமல் இருப்பது, உதவித்தொகையைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டை எழுதிவாங்கிவிட்டுக் கொட்டகையில் படுக்கவைப்பது எல்லாம் அதில் சேரும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். முதியவரே கொடுக்கலாம், அவர் அனுமதித்தவரும் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்மீது மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். 23ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதிவாங்கிய சொத்தைத் திரும்பப்பெற வழியுண்டு. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் மனு வலுவாக நிற்கும். ஆகவே இன்னும் எழுதிக்கொடுக்காத பெரியவர்களிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். முதியோர் உதவி எண் 14567.

சட்டம் தெரிந்ததும் புதிய களப்பணியாளருக்குக் கை துறுதுறுக்கும். அந்தப் பாட்டியோ, "எம்மகனை ஒண்ணும் பண்ணிறாதீக" என்று கையைப் பிடித்துக்கொள்வார். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை அவர் சம்மதமில்லாமல் மனு போகக்கூடாது. என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தொடர்ந்து போய்வாருங்கள். வெளியாள் ஒருவர் வாராவாரம் வந்துபோகிறார் என்பதே பல வீடுகளில் கையை அடக்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் காவல்துறை, 108.

படி 12: களப்பணியாளர் செய்யக்கூடாதவை

இவற்றை எழுதி, கையெழுத்து வாங்கிவையுங்கள். பெரியவருடைய ஏடிஎம் அட்டையையோ ரகசிய எண்ணையோ வாங்கக்கூடாது. பணம், நகை, அன்பளிப்பு கூடாது. உயில், பத்திரம் எதிலும் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. நோட்டில் பெயருக்குப் பதில் வீட்டு எண்ணை எழுதுவது நல்லது.

நோட்டில் ஒரு வருகைக்கு நாலு வரி போதும்: பெரியவர் எப்படி இருந்தார், பார்த்துக்கொள்பவர் எப்படி இருந்தார், என்ன செய்தேன், அடுத்து எப்போது. இரண்டாவது வரி காலியாக இருக்கும் பக்கங்களைப் பயிற்சியாளர் தேடிப் பார்க்கவேண்டும்.

பயிற்சிக்குப் பின்

வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால் ஆறு மாதத்தில் எல்லாம் கரைந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடுங்கள். ஒருவர் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லட்டும், மற்றவர்கள் யோசனை சொல்லட்டும். முதல் மூன்று மாதம் நீங்களும் அவர்களோடு வீடுகளுக்குப் போங்கள். ஒருவருக்கு எட்டுப் பத்து வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒருநாள் இறப்பார்கள். களப்பணியாளருக்கு அது துக்கம்தான். அடுத்த கூட்டத்தில் அவரைப் பேசவிடுங்கள், அந்த வாரம் புது வீடு கொடுக்கவேண்டாம். துக்கத்துக்கும் காரியத்துக்கும் குழுவாகப் போங்கள்.

காரியம் முடிந்ததும் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். இரண்டு வருடம் இரவில் நாலுமுறை எழுந்து பழகிய மருமகள், இப்போதும் அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். இன்னும் மூன்று மாதத்துக்கு அந்த வீட்டுப் பக்கத்தில் இரண்டாவது வரியை மட்டும் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.